விருப்பத்தின் வேற்றுமை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. அதற்குரிய பாராட்டை எனக்கு முன் பேசிய பெரியோர்கள் நிறைவாகவே வழங்கிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறுபட்டது. விருப்பு, வெறுப்பு, தேர்வு ஆகியவற்றை ஆங்கிலம் எந்தச் சொற்களால் கூறுகிறது என்பதே அது. கவிஞர் கூடிய அவையில் ஆங்கில வகுப்பு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கே அமர்ந்திருப்போரில் பலர் ஆங்கிலத்திலிருந்து கவிதைகளைத் தமிழாக்குகிறவர்கள். சிலர் தம் கவிதைகளைத் தாமே ஆங்கிலமாக்குகிறவர்கள். அந்தப் பணியில் நாள்தோறும் எதிர்ப்படும் மிகச் சிறிய வாக்கியம் ‘ஐ லைக்’ என்பதுதான். அதைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்பதில் நம் கவிதை மொழியின் நலனே அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். அதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

ஆங்கிலம் கற்பிக்கும் நூல்களைப் புரட்டினால் இச்சொற்களை ஒரு படிக்கட்டுபோல அடுக்கியிருப்பதைக் காணலாம். மேற்படியில் ‘லவ்’, ‘அடோர்’. அடுத்து ‘என்ஜாய்’, ‘லைக்’, ‘ஃபாண்ட்’, ‘கீன்’. நடுப்படியில் ‘ஐ டோன்ட் மைண்ட்’. அதாவது, நாம் பரவாயில்லை என்று சொல்லும் நிலை. கீழிறங்கினால் ‘டிஸ்லைக்’, பின்னர் ‘கான்ட் ஸ்டாண்ட்’. அதற்கும் கீழே ‘ஹேட்’, ‘லோத்’, ‘டிடெஸ்ட்’, ‘அப்ஹார்’. ஒன்றைவிட மற்றொன்றை மேலாகக் கொள்வதற்கு ‘பிரிஃபர்’ என்றும் ‘வுட் ராதர்’ என்றும் தனியே இரண்டு. மாணவர் இந்தப் படிகளில் ஏறி இறங்கிப் பழகினால் தேர்வில் மதிப்பெண் பெறலாம். ஆனால் கவிஞருக்கு ஒரு சொல் எத்தனையாவது படியில் நிற்கிறது என்பது போதாது. அது எந்த ஊரிலிருந்து நடந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

‘ஃபாண்ட்’ என்றால் இன்று பிரியமுள்ள என்று பொருள். தொடக்கத்தில் அதன் பொருள் மதிகெட்ட, பேதையான என்பது. பேதைமையிலிருந்து கண்மூடித்தனமான பாசத்திற்கும், அங்கிருந்து மென்மையான பிரியத்திற்கும் அச்சொல் நகர்ந்தது. நமக்கு இது புதிதன்று. இசையில் ஆழ்ந்தவனைப் பாட்டுப் பைத்தியம் என்கிறோம். பித்து என்ற சொல்லைக் காதலுக்கும் பக்திக்கும் ஒருங்கே வழங்குகிறோம். ‘கீன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் துணிவுள்ள என்று பொருள்பட்டது. பின்னர்க் கூரிய என்றாகி, ஆர்வமுள்ள என்ற பொருளையும் பெற்றது. ‘பார்ஷியல்’ என்பது ஒரு பக்கம் சாய்தல். நீதிமன்றத்தில் குற்றமாகக் கருதப்படும் அச்சாய்வு, உணவு மேசையில் ஒரு பண்டத்தின் மேல் கொண்ட தனி விருப்பமாகிவிடுகிறது.

தேர்வைக் கூறும் சொற்களும் சுவையானவை. ‘பிரிஃபர்’ இலத்தீன் வழி வந்தது. முன்னே தூக்கி வைத்தல் என்பது அதன் மூலப்பொருள். ‘ராதர்’ என்பதன் அடிச்சொல்லுக்கு விரைவு, முந்துதல் என்று பொருள். ஆக, இதைவிட அதையே செய்வேன் என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அதை இதற்கு முன்னதாகச் செய்வேன் என்றே அடியில் சொல்கிறார். ஆங்கிலத்தின் தேர்வு காலத்தில் முந்துகிறது. நாமோ ‘அதைவிட இது மேல்’ என்று உயரத்தால் அளக்கிறோம். பேச்சில் ‘அதற்கு இது தேவலை’ என்று முடித்துக்கொள்கிறோம். தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் ‘சூஸ்’ என்ற சொல்லும், சுவை என்று பொருள்படும் ‘குஸ்துஸ்’ என்ற இலத்தீன் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. சுவைத்துப் பார்த்து எடுப்பதே தேர்வு என்ற எண்ணம் அவ்வேரில் உறைந்திருக்கிறது.

வெறுப்பின் பக்கம் வருவோம். ‘டிஸ்கஸ்ட்’ என்பதும் அதே ‘குஸ்துஸ்’ வழி வந்தது. சுவை கெடுதல் என்பதே பொருள். ‘அப்ஹார்’ என்பதன் இலத்தீன் மூலம் மயிர்க்கூச்செறிந்து பின்வாங்குதல். ‘டிடெஸ்ட்’ என்பதில் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சபிக்கும் குரல் மறைந்திருக்கிறது. ‘கான்ட் ஸ்டாண்ட்’, ‘கான்ட் பேர்’ என்பவை தாங்க முடியாமையைச் சொல்பவை. நாமும் பொறுக்க முடியவில்லை என்கிறோம். பொறுத்தல் சுமையைத் தாங்குதல்தானே! தமிழின் வெறுப்போ பெரிதும் நாவில் குடியிருக்கிறது. உறவு கசக்கிறது, கேட்ட கதை புளித்துப்போகிறது, மாமியார் மருமகளைக் கரித்துக் கொட்டுகிறார், பழந்தமிழில் உவர்ப்பு என்பதே வெறுப்புக்கு ஒரு பெயர். இவ்வளவு தூரம் இரு மொழிகளும் அடுத்தடுத்த வீட்டார்போலவே பழகுகின்றன. அவை பிரியும் இடம் ‘லைக்’ என்ற எளிய சொல்.

மேலே சொன்ன படிக்கட்டில் ஏறக்குறைய எல்லா வாக்கியங்களும் ‘ஐ’ என்ற எழுவாயில் தொடங்குகின்றன. நான் விரும்புகிறேன், நான் வெறுக்கிறேன், நான் தேர்கிறேன். உணர்வின் உரிமையாளர் முன்னே நிற்கிறார். உணர்வு அவர் செய்யும் செயலாகப் பின்னே வருகிறது. ஆங்கிலம் என்றுமே இப்படித்தான் இருந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை வேறு.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினையின் வடிவம் ‘லீக்கியன்’. இன்பம் தருதல், உகந்திருத்தல் என்பது அதன் பொருள். உடல், வடிவம் என்று பொருள்படும் ஒரு சொல்லோடு அது உறவுடையது. ஒன்றைப் போன்ற என்று பொருள்தரும் மற்றொரு ‘லைக்’கும் அதே குடும்பம். ஒரு பொருளின் வடிவம் எனக்குப் பொருந்தி வருவதே விருப்பம் என்று அம்மொழியின் முன்னோர் கண்டிருக்கிறார்கள் போலும். அக்காலத்தில் விரும்பப்படும் பொருள் எழுவாயாக நிற்கும்; விரும்பும் மனிதர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்பார். ‘அது எனக்கு உகக்கிறது’ என்பதே ஆங்கிலேயரின் மூதாதையர் பேசிய பாங்கு. தோன்றுதலைக் குறித்த ‘மீதிங்க்ஸ்’ என்ற சொல்லிலும் இதே அமைப்புத்தான்: எனக்குத் தோன்றுகிறது.

இது எப்படி மாறியது? டென்மார்க் நாட்டு மொழியியலறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் 1894இல் வெளியிட்ட நூலில் இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டைக் கையாண்டார். அரசனுக்குப் பேரிக்காய்கள் உகந்தன என்ற வாக்கியத்தைப் பழைய ஆங்கிலத்தில் அமைத்து, அதைப் படிப்படியாக இக்கால ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்து காட்டினார். முதற்படியில் அரசனுக்கு வேற்றுமை உருபு உண்டு. வினையும் பேரிக்காய்களுக்கு ஏற்பப் பன்மையில் நிற்கும். காலப்போக்கில் பெயர்ச்சொற்களின் வேற்றுமை ஈறுகள் தேய்ந்தன. எழுவாய் வினைக்கு முன் வர வேண்டும் என்ற வரிசை இறுகியது. வினையின் ஒருமை பன்மை வேறுபாடும் இறந்தகாலத்தில் மறைந்தது. எஞ்சியவை மூன்று சொற்கள்: முன்னே அரசன், நடுவே வினை, பின்னே பேரிக்காய். உருபு இழந்த அரசனை மக்கள் எழுவாயாகக் கொண்டார்கள். பேரிக்காய் மனிதனுக்கு இன்பம் தந்த நிலை போய், மனிதன் பேரிக்காயை விரும்பும் நிலை வந்தது. இவ்விளக்கம் அப்படியே முழுமையானதன்று என்று பின்வந்த அறிஞர்கள் திருத்தியிருக்கிறார்கள். சிந்தியா ஆலன் என்ற மொழியியலறிஞர் 1986இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இவ்வினையின் வரலாற்றை மீண்டும் ஆராய்ந்தார். பழைய முறையும் புதிய முறையும் நெடுங்காலம் அருகருகே வழங்கின என்பது இன்று தெளிவு.

ஷேக்ஸ்பியர் காலத்திலும் இரண்டும் உயிரோடு இருந்தன. ‘வெரோனாவின் இரு கனவான்கள்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தில், ஆண்வேடம் பூண்ட ஜூலியா தன் காதலன் வேறொருத்திக்காக ஏற்பாடு செய்த இசையைக் கேட்டு நிற்கிறாள். அவளுடன் இருக்கும் விடுதிக்காரர் அவள் முகவாட்டத்தைக் கண்டு, இசை உனக்கு உகக்கவில்லை போலும் என்ற பொருளில் பேசுகிறார். அவளோ இசையின் இடத்தில் இசைத்தவனை வைத்து அதே வினையால் விடை சொல்கிறாள். அவன் எனக்கு உகக்கவில்லை என்றும் கொள்ளலாம். அவன் என்னை விரும்பவில்லை என்றும் கொள்ளலாம். ஒரு சொல் இரு இலக்கணங்களுக்கு நடுவே நின்ற காலத்தில்தான் இத்தகைய சிலேடை பிறக்க முடியும். அக்காலம் கழிந்தபின் அதன் ஒரு பாதி குறிப்புரை இன்றி ஆங்கிலேயருக்கே விளங்குவதில்லை.

இனி நம் மொழிக்கு வருவோம். எனக்கு மழை பிடிக்கும்; எனக்குப் பசிக்கிறது; எனக்குத் தெரியும்; எனக்கு வலிக்கிறது; எனக்குப் புரிகிறது. பேச்சுத் தமிழில் உணர்வும் அறிவும் உடல்நிலையும் ‘கு’ உருபின் வாசல் வழியே மனிதரை வந்தடைகின்றன. தமிழுக்கு மட்டும் உரிய பண்பு இது என்று பெருமை கொள்ள வேண்டா. மலையாளத்தில் ‘எனிக்கு இஷ்டமாணு’ என்பர். இந்தியில் ‘முஜே பசந்த் ஹை’ என்பர். ஸ்பானிய மொழியில் ‘மே குஸ்தா’, ஜெர்மானிய மொழியில் ‘மிர் கெஃபெல்ட்’. இந்திய மொழிகளில் இவ்வமைப்பின் பரப்பை ஆராயும் கட்டுரைகளை மணீந்திர வர்மாவும் கே. பி. மோகனனும் தொகுத்து 1990இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள்.

ஆயினும் ‘பிடிக்கும்’ என்பதில் ஒரு தனி நுட்பம் உண்டு. ‘எனக்கு அவளைப் பிடிக்கும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை. ‘அவளை’ இரண்டாம் வேற்றுமை. எழுவாய் எங்கே? இல்லை! வினையோ அஃறிணை போல நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில்கூட, உகத்தல் என்ற வினைக்கு உகந்த பொருளாவது எழுவாயாக நின்றது. நம் வாக்கியத்தில் அவளும் எதுவும் செய்யவில்லை. நானும் எதுவும் செய்யவில்லை. ஆனால் ஏதோ நிகழ்ந்திருக்கிறது. இதே வினையை நோய்க்கும் வழங்குகிறோம். எனக்குச் சளி பிடித்திருக்கிறது. எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. ஆங்கிலேயர் சளியைத் தாம் பிடிக்கிறார்; நம்மையோ சளி வந்து பிடிக்கிறது. விருப்பமும் நம்மிடம் அப்படித்தான் வருகிறது.

இதன் காலவடிவங்களையும் நோக்குங்கள். ‘பிடிக்கும்’ என்றால் நிலைத்த இயல்பு. ‘பிடித்திருக்கிறது’ என்றால் பார்த்தபின் படிந்த எண்ணம்; பெண் பார்க்கச் சென்றவர்கள் சொல்லும் சொல் அது. ‘பிடித்துப்போயிற்று’ என்றால் அறியாமலே நேர்ந்துவிட்டது. இனித் திரும்ப முடியாது. ‘பிடித்து வைத்திருக்கிறது’ என்றால் விருப்பமும் இல்லை; அது வேறு பிடி! ஆங்கிலத்தின் ‘லைக்’ இத்தனை நிலைகளையும் தான் ஒன்றாகவே தாங்க இயலாது. அதனால் ‘டேக் டு’, ‘ஃபால் ஃபார்’ போன்ற தொடர்களைத் துணைக்கு அழைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதே தூய தமிழ், ‘நான் விரும்புகிறேன்’ என்பது ஆங்கிலத்தின் சாயல் என்று யாரேனும் முடிவு கட்டினால் அது பிழை. விரும்புதல், விழைதல், நயத்தல், காமுறுதல் ஆகியவை அனைத்தும் நம் பழஞ்சொற்கள். சங்கப் பாடல்களில் இவ்வினைகளுக்கு விழைகிறவரே எழுவாய். இன்று ‘எனக்கு வேண்டும்’ என்று நாம் சொல்லும் வினைக்கும் அன்று எழுவாய் உண்டு. வேண்டுபவர் யான் என்றே நின்று வேண்டினார். குறளின் முதல் அதிகாரம் வேண்டுதலும் வேண்டாமையும் இல்லாதவன் இறைவன் என்கிறது. அங்கே அவை ஒருவருக்கு உரிய மனச்செயல்கள். ஆகவே இரண்டு வழிகளும் நம்முடையவையே. ஆங்கிலம் ஒரு வழியை அடைத்து மறுவழியில் சென்றது. நாமோ பழைய வழி மூடாமலே புதிய வழியையும் திறந்துகொண்டோம்.

இரண்டு வழிகள் இருப்பதால் நமக்கு ஒரு செல்வம் வாய்த்திருக்கிறது. ‘நான் அவளை விரும்புகிறேன்’ என்பது அறிவிப்பு. அதில் துணிவும் பொறுப்பும் உண்டு. ஊரார் முன் சொல்லலாம். ‘எனக்கு அவளைப் பிடிக்கும்’ என்பது ஒப்புதல். தோழியிடம் தாழ்ந்த குரலில் சொல்வது. முன்னதில் மனத்தின் தீர்மானம் இருக்கிறது. பின்னதில் மனத்துக்கு நேர்ந்தது இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஐ லைக்’ இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடும். அதைத் தமிழாக்குகிறவர் ஒவ்வொரு முறையும் நின்று, இங்கே பேசுவது தீர்மானமா, நேர்ந்ததா என்று கேட்டே தீர வேண்டும்.

நாம் அப்படிக் கேட்கிறோமா? மொழிபெயர்ப்புக் கவிதைகளில் ‘நான் மழையை விரும்புகிறேன்’, ‘நான் இந்த மௌனத்தை நேசிக்கிறேன்’, ‘நான் தேநீரை வெறுக்கிறேன்’ என்ற நடை மலிந்திருக்கிறது. எழுவாய்க்கு எழுவாய், வினைக்கு வினை, செயப்படுபொருளுக்குச் செயப்படுபொருள் என்று அளந்து வைத்தால் இதுதான் கிடைக்கும். தேநீர் பிடிக்காதவர் எவரும் நம்மிடையே அதை வெறுப்பதில்லை. அவருக்கு அது பிடிக்காது, அல்லது ஆகாது, அல்லது ஒத்துக்கொள்ளாது. இந்நடை மொழிபெயர்ப்போடு நின்றால்கூடப் பொறுக்கலாம். அது நம் சொந்தக் கவிதைகளிலும் ஏறி, வரிக்கு வரி ‘நான்’ என்பது முன்வந்து நிற்கிறது. எழுவாயே இன்றி ‘பிடித்திருந்தது’ என்ற ஒரே சொல்லில் ஒரு மாலைப்பொழுதை முடிக்கும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு. அதைக் கைவிட்டு, ஒவ்வோர் உணர்வின் வாசலிலும் ‘நான்’ என்று பெயர்ப்பலகை மாட்டுவது நமக்கு இழப்பே.

மறுதிசையிலும் கவனம் தேவை. தமிழ்க் கவிதையை ஆங்கிலமாக்குகிறவர் ‘எனக்கு’ என்று கண்டவுடன் ‘ஐ’ என்று தொடங்க வேண்டியதில்லை. ஆங்கிலம் தன் பழைய வழியை முற்றும் மறந்துவிடவில்லை. ‘இட் ப்ளீசஸ் மீ’, ‘இட் அப்பீல்ஸ் டு மீ’, ‘இட் சூட்ஸ் மீ’, ‘இட் குரோஸ் ஆன் மீ’ என்னும் தொடர்களில் பொருள்தான் எழுவாய். மனிதர் ஏற்பவராகப் பின்னே நிற்கிறார். உணவு உடலுக்கு ஒவ்வாததைச் சொல்லும்போதும் உணவே எழுவாய். ‘பிடித்துப்போயிற்று’ என்பதற்கு ‘குரோஸ் ஆன் மீ’ முற்றும் நிகராகாது. முன்னது ஒரு நொடியிலும் நேரலாம், பின்னது மெல்ல மெல்ல வளர்வது. ஆயினும் அது நம் வாக்கியத்தின் பக்கத்து ஊர். ‘ஐ லைக்’ வேற்று நாடு.

2009ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம் ‘லைக்’ பொத்தானைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அச்சொல் தமிழில் பெயர்ச்சொல்லாகி, லைக் போடு, லைக் வாங்கு என்று வழங்கலாயிற்று. சொல்லை நான் குறை கூறவில்லை. மக்கள் பொருத்தமான வினையையே சேர்த்திருக்கிறார்கள். போடுதல் நாம் செய்யும் செயல். நண்பர் என்பதற்காகப் போடலாம்; படிக்காமலே போடலாம்; நமக்கும் போடுவார் என்று போடலாம். ‘பிடித்தது’ அப்படிப்பட்டதன்று. அதை வரவழைக்க முடியாது. வந்துவிட்டால் மறுக்கவும் முடியாது.

இது இவ்வட்டத்திற்கும் பொருந்துவது என்பதால் ஒரு சொல் கூறி முடிக்கிறேன். இங்கே ஒரு கவிதை வாசிக்கப்பட்டவுடன் நாம் முதலில் சொல்வது ‘எனக்குப் பிடித்தது’, ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதைத்தான். திறனாய்வில் தேர்ந்தோர் சிலர் இதை எளிய வாசகரின் பேச்சென்று ஒதுக்குவதுண்டு. நான் ஒதுக்கமாட்டேன். ‘இது நல்ல கவிதை’ என்பது தீர்ப்பு. அதற்குச் சான்று காட்ட வேண்டும். ‘எனக்குப் பிடித்தது’ என்பது நிகழ்ச்சி; கவிதை ஒருவரை வந்து தொட்டதற்கு அவரே தரும் வாக்குமூலம். அதில் ‘நான்’ தலைமை ஏற்கவில்லை. கவிதைக்கு இடம் கொடுத்து ஒதுங்கி, ‘எனக்கு’ என்று பெறும் நிலையில் நிற்கிறது. நான்காம் வேற்றுமையின் பொருள்களைப் பள்ளியில் படிக்கும்போது முதலில் சொல்லப்படுவது கொடை. அடுத்ததாகச் சொல்லப்படுவது பகை. விருப்பும் வெறுப்பும் ஒரே உருபில் வந்து சேர்வதற்கு நம் இலக்கணமே இடம் வைத்திருக்கிறது.

நிகழ்ச்சியை முதலில் உண்மையாகச் சொல்வோம். காரணத்தை அதன்பின் தேடுவோம். பிடிக்காததைப் பிடித்ததென்று நண்பருக்காகச் சொல்லாதிருப்போம். பிடித்ததை அது எதிரணியினரின் கவிதை என்பதற்காக மறைக்காதிருப்போம். மொழிபெயர்க்க அமரும்போது ஒவ்வொரு ‘ஐ லைக்’கின் முன்னும் ஒரு கணம் நிற்போம். ஈறுகள் தேய்ந்ததால் ஓர் இலக்கணத்தையே ஆங்கிலம் இழந்தது. நம் ‘கு’ இன்னும் தேயவில்லை. அது கவனக்குறைவால் தேய்ந்துவிடாமல் காக்கும் பொறுப்பு, அதனால் வாழும் கவிஞர்களாகிய உங்களுக்கு உண்டு.